சீனாவின் கைம்பெண் நினைவு வளைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் பழைய ஊர்ப் படங்களில் வயல் நடுவே, பாதையின் குறுக்கே, கதவில்லாத உயரமான கல்வாசல் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, கணவனை இழந்தபின் மறுமணம் செய்யாமல் வாழ்ந்த பெண்களுக்காக அரசு அனுமதியோடு எழுப்பியவை. இவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான்.

இது கோயிலா, கல்லறையா, ஊர் எல்லையா?

மூன்றும் இல்லை. சீனத்தில் இதன் பெயர் பைஃபாங். இரண்டோ நான்கோ கல்தூண்கள், அவற்றின் மேல் அடுக்கடுக்காகக் குறுக்கு உத்தரங்கள், நடுவே எழுத்து பொறித்த கற்பலகை, அவ்வளவுதான். தூண் நான்கு என்றால் வழி மூன்று. நடுவழி கொஞ்சம் அகலம். தமிழில் வளைவு என்று எழுதுகிறோமே தவிர, பெரும்பாலானவற்றில் வளைவே கிடையாது. மரத்தச்சர் துளையும் கழுந்துமாகப் பூட்டும் வேலையை அப்படியே கல்லில் செய்திருக்கிறார்கள்.

பழைய சீன நகரங்கள் சுவர் சூழ்ந்த பேட்டைகளாகப் பிரிந்திருந்தன. பேட்டைக்கு ‘ஃபாங்’ என்று பெயர். அந்தப் பேட்டை வாசலில்தான் நல்ல காரியம் செய்தவர்களைப் பாராட்டி எழுதி வைப்பார்கள். காலப்போக்கில் சுவர் போயிற்று, வாசல் மட்டும் தனியாக நின்றுவிட்டது. நம் சாஞ்சி தோரணவாயிலின் சாயல் பௌத்தத்தோடு அங்கே போயிருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அது முடிவாகாத வழக்கு.

எல்லா பைஃபாங்கும் கைம்பெண்களுக்கு உரியவை அல்ல. பெரிய பதவி வகித்தவர், பெற்றோரைப் பேணிய மகன், ஊருக்கு வாரி வழங்கிய செல்வர் எல்லோருக்கும் உண்டு. கைம்பெண்களுக்கு உரியதை ‘ஜென்ஜியே’ பைஃபாங் என்பார்கள். ஜியே என்ற எழுத்துக்கு மூங்கில் கணு என்று பொருள். எவ்வளவு காற்றடித்தாலும் கணு விட்டுக்கொடுக்காது என்பதிலிருந்து நெறி பிறழாமை, கற்பு என்ற பொருளெல்லாம் கிளைத்தன.

யாருக்குக் கிடைக்கும்? ஏதாவது விதி இருந்ததா?

இருந்தது, அதுவும் பள்ளிக்கூடச் சேர்க்கை விதி போலத் துல்லியமாக. மிங் அரசை நிறுவிய சூ யுவான்சாங் 1368இல் போட்ட ஆணையின்படி, 30 வயதுக்கு முன் கணவனை இழந்து, 50 வயது தாண்டும் வரை மறுமணம் செய்யாத குடியானவப் பெண்ணின் வீட்டு வாசலில் அரசு சிறப்புச் செய்யும். அந்த வீட்டுக்குக் கூலியில்லாத அரசு ஊழியத்திலிருந்து விலக்கும் கிடைக்கும். 30, 50 என்ற இந்த இரண்டு எண்களும் அவர் கண்டுபிடித்தவை அல்ல. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்திலேயே, 1304இல், வந்துவிட்டன.

31 வயதில் கணவன் இறந்தால்? கணக்கில் வராது. அவளுக்கு ஆசாபாசம் அடங்கும் வயது வந்துவிட்டது, அதனால் அதில் பெரிய சாதனை இல்லை என்பது அதன் உள்ளர்த்தம். 50 ஆவதற்குள் இறந்துபோனவர்கள் நிலை என்ன என்ற கேள்வி, மிங்குக்குப் பின் ஆண்ட சிங் அரசர்களை நெடுநாள் குடைந்தது. 1723இல் யோங்செங் அரசர், 40 வயது கடந்து இறந்தவள் 15 ஆண்டு கைம்மை காத்திருந்தால் போதும் என்றார். 1824இல் அது 10 ஆண்டாயிற்று. 1871இல் 6 ஆண்டு. தகுதி இறங்க இறங்க மனுக்கள் ஏறின.

மறுமணம் செய்யாமல் இருந்தாலே போதுமா?

போதாது. மனுவில் எழுதும்படி ஏதாவது இருக்க வேண்டும். மாமனார் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், நூல் நூற்றும் நெசவு நெய்தும் பிள்ளையை ஆளாக்கினாள், பிள்ளை இல்லாவிட்டால் கணவன் வகையறாவில் ஒருவனைத் தத்தெடுத்து வம்சம் அறாமல் காத்தாள், இறந்தவர்களை முறைப்படி அடக்கம் செய்தாள். இவற்றில் இரண்டு மூன்றாவது வேண்டும். பல வளைவுகளில் ‘ஜியே ஷியாவ்’ என்று இரண்டு எழுத்து சேர்ந்தே வரும். முதலாவது கற்பு, அடுத்தது மூத்தோருக்குச் செய்யும் பணிவிடை. மாமியாருக்குச் செய்த சேவை இல்லாமல் கற்பு மட்டும் தனியாகக் கல்லில் ஏறுவது அரிது.

யார் விண்ணப்பிப்பார்கள்? அந்தப் பெண்ணேவா?

அவள் இல்லை. கணவன் வீட்டு வகையறாப் பெரியவர்களோ மகனோ தொடங்குவார்கள். அக்கம்பக்கத்தார் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தருவார்கள். அவள் வாழ்க்கை விவரத்தை ஒரு ஏட்டில் எழுதி, உள்ளூர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வழியாக மாவட்ட அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து மேல் அதிகாரி, மாகாண ஆளுநர், கல்வி அதிகாரி, தலைநகரில் சடங்குத்துறை அமைச்சகம், கடைசியாக அரசர். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குமாஸ்தா, ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் ஒரு கை. அந்தக் கை நனையாமல் காகிதம் நகராது. ஏழை வீட்டுக் கைம்பெண் எவ்வளவு நெறியோடு வாழ்ந்தாலும் அவள் பெயர் மாவட்டத்தைத் தாண்டாததற்கு இதுதான் முதல் காரணம். இதை அன்றைய அரசாணைகளே கண்டித்திருக்கின்றன. கண்டிப்பு கண்டிப்பாகவே இருந்தது.

மகன் பெரிய ஆளானால் கதை வேறு. தைவான் ஆட்சியில் உள்ள ஜின்மென் தீவில் ஒரு வளைவு இருக்கிறது. சியூ லியாங்கொங் என்ற கடற்படைத் தளபதியின் தாய்க்காக எழுப்பியது. மகன் பிறந்த சில வாரங்களில் கணவன் இறந்துவிட்டான். 28 ஆண்டு அவள் தனியாக இருந்தாள். அந்த மகன் 1809இல் சாய் சியென் என்ற பெயர்போன கடற்கொள்ளையனை ஒழித்த போரில் பங்கெடுத்தான். 1812இல் தாய்க்கு வளைவு எழும்பியது. மகன் மீன்பிடிக்கப் போயிருந்தால் அந்த 28 ஆண்டு எங்கே பதிவாகியிருக்கும்?

செலவு யாருடையது?

சிங் அரசு 30 தேல் வெள்ளி கொடுத்தது. ஒரு தேல் ஏறக்குறைய 37 கிராம். மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பணத்தைக் கொடுத்துவிட்டு, வளைவை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று குடும்பத்திடம் விட்டுவிடும். இன்று நாம் வியந்து பார்க்கும் பெரிய கல்வளைவுகளை அந்த வெள்ளியில் கட்டியிருக்க முடியாது. மீதியைப் போட்டது குடும்பம் அல்லது வகையறா. ஆக, கல்லின் உயரம் பெண்ணின் நெறியை அளக்கவில்லை, புகுந்த வீட்டுப் பணப்பெட்டியை அளந்தது. வசதி இல்லாதவர்கள் ஊரில் உள்ள கைம்பெண் நினைவில்லத்தில் ஒரு பெயர்ப்பலகையோடு நிறுத்திக்கொண்டார்கள். மாவட்டந்தோறும் அப்படி ஒரு நினைவில்லம் கட்டச் சொன்னதும் யோங்செங்தான், அதே 1723இல்.

குடும்பத்துக்கு இதில் என்ன லாபம்?

பெயர் ஒரு பக்கம். சொத்து இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதைப் பேசாமல் வளைவைப் புரிந்துகொள்ள முடியாது.

மிங், சிங் சட்டப்படி கைம்பெண் புகுந்த வீட்டிலேயே இருந்தால், கணவன் பங்கை வாரிசுக்காக அவள் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். மகன் இல்லையென்றால் தத்தெடுக்க வேண்டும். மறுமணம் செய்து வெளியேறினால் கணவன் சொத்து போயிற்று. அதோடு தான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனமும் கணவன் வீட்டாரிடமே நின்றுவிடும்.

இப்போது கொழுந்தன்மார் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அண்ணி போனால் அண்ணன் பங்கு கைக்கு வரும். அவளை இன்னொருவனுக்குக் கட்டிவைத்தால் மணப்பணமும் கிடைக்கும். அதனால் கைம்பெண்ணை வலுக்கட்டாயமாக மறுமணத்துக்குத் தள்ளிய வழக்குகள் நீதிமன்றங்களுக்கு வந்தன. சட்டம் அதற்குத் தண்டனை வைத்திருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் ‘நான் கற்பு காக்கிறேன்’ என்று ஒரு பெண் சொன்னால், அதற்கு ‘என் வீட்டையும் நிலத்தையும் தொடாதே’ என்றும் அர்த்தம் உண்டு. வளைவை வெறும் அடக்குமுறைச் சின்னமாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் வசதியான வகையறாவுக்குக் கணக்கு நேர்மாறு. அவர்களுக்கு அவள் இருப்பதுதான் லாபம். பேரன் வளர்வான், கிழவி கிழவனுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் இருக்கும், ஊர் வாசலில் அரச முத்திரையோடு ஒரு கல்லும் நிற்கும்.

இந்த எண்ணத்தைத் தொடங்கியது யார்? கன்ஃபூசியஸா?

அவர் தலையில் எல்லாவற்றையும் போடுவது வழக்கமாகிவிட்டது. கைம்பெண் மறுமணம் செய்யாதது நல்லது என்ற கருத்து மிகப் பழையது. ஆனால் பழைய காலத்தில் அரச குடும்பத்துப் பெண்கள்கூட மறுமணம் செய்திருக்கிறார்கள். அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது சொங் காலத்துச் சிந்தனையாளர் செங் யீ (1033–1107) சொன்ன வாக்கியம். பட்டினியில் வாடும் ஏழைக் கைம்பெண் மறுமணம் செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, ‘பட்டினி கிடந்து சாவது மிகச் சிறிய விஷயம், நெறி தவறுவது மிகப் பெரிய விஷயம்’ என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்தத் தந்தையே தம் சகோதரியின் மகள் கைம்பெண்ணானபோது அவளை வீட்டுக்கு அழைத்துவந்து மறுமணம் செய்துவைத்தார். செங் யீ அதைத் தந்தையின் நற்குணங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறார். ஊருக்கு உபதேசம் என்று சிரிக்கலாம். ஆனால் அவர் காலத்தில் அந்த வாக்கியம் சட்டம் இல்லை, ஒரு லட்சியப் பேச்சு. அதற்கு வயது வரம்பும் ஊழிய விலக்கும் வெள்ளிக்காசும் சேர்த்து நடைமுறையாக்கியது பின்னால் வந்த அரசுகள்தான்.

உடன்கட்டை ஏறுவது போன்றதா இது?

இல்லை, அடிப்படையிலேயே வேறு. வளைவின் முக்கியப் பாத்திரம் உயிரோடு இருந்த பெண். அவள் 20, 30 ஆண்டு வாழ்ந்து கடமை செய்ததற்குத்தான் பாராட்டு.

ஆனால் கணவனைத் தொடர்ந்து உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் சிறப்புச் செய்யப்பட்டது என்பதை மறைக்க முடியாது. தன்னைக் கெடுக்க வந்தவனை எதிர்த்து உயிர்விட்ட பெண்கள் தனி வகை. சிங் அரசர்களுக்குக் கைம்பெண் தற்கொலை பெரிய தலைவலியாக இருந்தது. 1688இல் காங்ஷி அரசர் அப்படி இறப்பவர்களுக்குச் சிறப்புச் செய்வதை நிறுத்தினார். 1728இல் யோங்செங் மறுபடியும் அறிவுறுத்தினார்: மாமனார் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் யார் துணை? சாவது எளிது, இருந்து சுமப்பதுதான் கடினம். தடை போட்டும் மனுக்கள் வந்தபடி இருந்தன. விதிவிலக்குகளும் வந்தபடி இருந்தன.

கல்யாணமே ஆகாத பெண்களுக்கும் வளைவு உண்டாமே?

உண்டு. நிச்சயம் ஆனபின் மாப்பிள்ளை இறந்துபோனால், வேறு வரனை மறுத்துவிட்டு இறந்தவன் வீட்டுக்கே வாழப் போன பெண்கள். அவன் பெயர் எழுதிய நினைவுப்பலகையின் முன் மணச்சடங்கு நடப்பதும் உண்டு. இது சரியா என்று அந்தக் காலத்து அறிஞர்களே இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள். கல்யாணமே முடியாதபோது என்ன கைம்மை என்று கேட்டவர்கள் பழைய சடங்கு நூல்களை எடுத்து நீட்டினார்கள். பல பெண்கள் பெற்றோர் தடுத்தும் கேளாமல் போனார்கள்.

தைவானின் தாஜியா ஊரில் லின் சுன்னியாங் என்ற பெண்ணின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1779இல் பிறந்தவள். ஏழு வயதில் வருங்கால மருமகளாக ஒரு வீட்டுக்கு வளர அனுப்பப்பட்டாள். அவளுக்கு 12 வயதானபோது, கட்டிக்கொள்ள வேண்டிய பையன் 17 வயதில் தண்ணீரில் மூழ்கி இறந்தான். அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளையை இழந்த மாமியாரோடு இருந்துவிட்டாள். மாமியாருக்குக் கண்நோய் வந்தபோது இரவு பகலாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு தத்துப்பிள்ளை, அவன் குடும்பம் என்று வீடு நிறைந்தது. 1833இல் அரசின் பாராட்டு வந்தது, 1848இல் வளைவு எழும்பியது. அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள். தன் பெயருக்கான கல்லின் அருகே நடந்துபோகக் கொடுத்து வைத்த வெகு சிலரில் ஒருத்தி.

1862இல் கலகக்காரர்கள் தாஜியாவை முற்றுகையிட்டுத் தண்ணீரை அடைத்தபோது, ஊரார் எண்பது தாண்டிய இந்தக் கிழவியிடம் போய் மழைக்கு வேண்டச் சொன்னார்கள். வேண்டினாள், மழை பெய்தது என்கிறது ஊர் வரலாறு. 1864இல் இறந்தாள். இன்று அவள் சிலை அந்த ஊரின் புகழ்பெற்ற சென்லான் கோயிலில், கடல் தெய்வம் மாசூவின் கோயிலில், இருக்கிறது. ‘கற்புத் தாய்’ என்று கும்பிடுகிறார்கள்.

ஹுய்சோ பகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு வளைவுகள்?

இன்றைய அன்ஹுய் மாகாணத்தின் தெற்கில் இருக்கும் மலைப்பகுதி அது. விளைநிலம் குறைவு, அதனால் ஆண்கள் வியாபாரத்துக்கு வெளியூர் போனார்கள். ‘போன பிறவியில் புண்ணியம் செய்யவில்லை, ஹுய்சோவில் வந்து பிறந்தோம், பதின்மூன்று பதினான்கு வயதில் தூக்கி வெளியே எறிந்தார்கள்’ என்று அந்த ஊரில் ஒரு பாட்டே உண்டு. பையனுக்குச் சின்ன வயதில் கல்யாணம் முடித்து அனுப்பிவிடுவார்கள். அவன் வருடக்கணக்கில் வரமாட்டான். சிலர் வரவே மாட்டார்கள்.

அப்புறம் பணம். உப்பு வியாபாரத்தில் ஹுய்சோக்காரர்கள் கொழித்தார்கள். சம்பாதித்த வெள்ளி ஊருக்குத் திரும்பி வீடாகவும் மூதாதையர் மண்டபமாகவும் வளைவாகவும் நின்றது. போதாததற்கு, செங் யீயின் கொள்கையை வளர்த்தெடுத்த சூ ஷியின் பூர்வீகமும் இந்த ஊர்தான். தங்கள் ஊர்ப் பெரியவரின் பேச்சை இவர்கள் கொஞ்சம் அதிகமாகவே கேட்டார்கள்.

தாங்யுவேயின் ஏழு வளைவுகள் பற்றிச் சொல்லுங்கள்.

ஷெ மாவட்டத்தில் தாங்யுவே என்ற கிராமம். பாவ் வகையறாவின் ஊர். ஊருக்குள் போகும் பாதை லேசாக வளையும். அந்தத் திருப்பத்தை ஒட்டியே ஏழு பைஃபாங்குகள் வரிசையாக நிற்கின்றன. மூன்று மிங் காலத்தவை, நான்கு சிங் காலத்தவை. நடுவில் கொடைக்கான வளைவு. அதற்கு இரு பக்கமும் இரண்டு கைம்பெண் வளைவுகள்.

அவற்றில் ஒன்று 1767இல் எழுப்பப்பட்டது. பாவ் வென்யுவான் என்பவரின் இரண்டாம் தாரமான வூ குடும்பத்துப் பெண்ணுக்கு உரியது. ஷாங்காய் பக்கத்து ஜியாடிங்கிலிருந்து 22 வயதில் இந்த மலைக்கிராமத்துக்கு வந்தாள். 29 வயதில் கணவன் இறந்தான். முதல் தாரத்தின் மகனை வளர்த்து ஆளாக்கினாள். வயதான காலத்தில் கையில் இருந்ததையெல்லாம் போட்டு, கணவன் வீட்டாரின் கல்லறைகளைச் சீர்செய்து, அடக்கம் முடியாமல் கிடந்தவர்களையும் அடக்கம் செய்தாள். தூண்கள் கூரையைத் தாண்டி வானத்தை நோக்கி நிற்கும் அந்த வளைவில் ஒரு பக்கம் ‘குளிர்காலம் மூன்று மாதமும் தாங்கிய கணு’ என்றும் மறுபக்கம் ‘ஒற்றை நூலிழையில் காத்த குலம்’ என்றும் பொறித்திருக்கிறது.

வழிகாட்டிகள் அந்த ‘ஜியே’ எழுத்தை விரலால் சுட்டிக் காட்டுவார்கள். எழுத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் நேராகப் பொருந்தாமல் சற்று விலகி இருக்கும். இரண்டாம் தாரம் என்ன செய்தாலும் முதல் தாரத்துக்குச் சமமாக முடியாது என்பதைக் கல்தச்சர் அப்படிச் செதுக்கிவிட்டார் என்பது அவர்கள் சொல்லும் கதை. கதையை நம்புவதா வேண்டாமா என்பது வேறு. இப்படி ஒரு கதை அந்த ஊரில் பிறந்து நிலைத்திருப்பதே போதுமான சேதி.

அவளுடைய சொந்தப் பெயர் கல்லில் இருக்கிறதா?

இல்லை. ‘மறைந்த குடிமகன் பாவ் வென்யுவானின் இரண்டாம் தாரம், வூ குடும்பத்தாள்’ என்பதுதான் அவள் முகவரி. கணவன் பெயர் முழுதாக உண்டு, தந்தையின் குடும்பப் பெயர் உண்டு. நடுவில் அவளை அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது மட்டும் இல்லை. இது அவளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, பொதுவான முறையே இப்படித்தான். வளைவின் உச்சியில் ‘அரச ஆணை’ என்று இரண்டு எழுத்து, அதன் கீழ் புகழ்மொழி, அதன் கீழ் இந்த முகவரி. சில வளைவுகளில் பரிந்துரைத்த அதிகாரிகளின் பெயரும் பதவியும் வரிசையாக வரும்.

செம்புக்காசுக் கதை உண்மையா?

கேள்விப்படாதவர்களுக்காக: ஒரு கைம்பெண் சாகும் தறுவாயில் மருமகள்களை அழைத்து நூறு செம்புக்காசுகளைக் காட்டினாளாம். எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தன. தூக்கம் வராத இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு, காசுகளைத் தரையில் இறைத்து, இருட்டில் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பொறுக்குவாளாம். நூறும் கிடைக்கும்போது உடம்பு ஓய்ந்து தூக்கம் வந்துவிடும்.

இது பல ஊர்களில் பல விதமாகச் சொல்லப்படும் கதை. இன்ன ஊர், இன்ன பெண் என்று கைகாட்ட முடியாது. ஆனால் சிங் காலத்திலேயே எழுத்தில் வந்துவிட்டது. அரச ஆணைகளில் ‘பனியைப் போன்ற தூய்மை’ என்று எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த இரவுகள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

எல்லாக் கைம்பெண்களும் இப்படித்தான் வாழ்ந்தார்களா?

இல்லவே இல்லை. ஏழைகளிடையே மறுமணம் சர்வ சாதாரணம். கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காத ஆண்கள் ஏராளம். சோற்றுக்கு வழியில்லாத கைம்பெண்களும் ஏராளம். சட்டமும் சாதாரணக் குடிமக்களைத் தடுக்கவில்லை. அதிகாரிகளின் பட்டம்பெற்ற மனைவிகளுக்குத்தான் மறுமணத் தடை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்பகுதி நகரங்களில் ஏழைக் கைம்பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரும் அறக்கட்டளைகள் வந்தன. அவை தேவைப்பட்டன என்பதே, வெறும் நெறியை வைத்து வயிறு நிரம்பாது என்பதை ஊர் அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

இந்த வழக்கம் எப்போது நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. 1912இல் முடியாட்சி போனபின்பும், குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய் ஆட்சியில் 1914இல் வந்த பாராட்டு விதிகளில் கற்புக்காத்த பெண்களுக்கு இடம் இருந்தது. அந்த 30, 50 எண்களும் புதுக் குடியரசிலும் தொடர்ந்தன! 1918இல் சீர்திருத்த எழுத்தாளர்களான ஹூ ஷியும் லூ ஷுனும் இதைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை எழுதினார்கள். பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த நெறி, ஆணுக்கு ஏன் இல்லை என்பது கேள்வி. 1950இல் மக்கள் சீனக் குடியரசின் திருமணச் சட்டம், கைம்பெண்ணின் மறுமண உரிமையில் யாரும் தலையிடக் கூடாது என்று தன் இரண்டாம் பிரிவிலேயே தடை போட்டது. மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சி ஆண்டுகளில் ஏராளமான வளைவுகள் உடைக்கப்பட்டன. தாங்யுவே தப்பியது, 1996இல் தேசியப் பாதுகாப்புச் சின்னமானது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

கூட்டம் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் ஜின்மென் தீவு. அந்த வளைவு கடைத்தெருவின் நடுவில் இருக்கிறது. அதன் அடியில் புகுந்துதான் சாமான் வாங்கப் போக வேண்டும். தைபே நகரில் 228 அமைதிப் பூங்காவுக்குள் 1882ஆம் ஆண்டு வளைவு ஒன்று உண்டு. முதலில் வேறிடத்தில் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் 1901இல் தூக்கிவந்து இங்கே வைத்தார்கள்.

தாங்யுவே போனால் ஏழு வளைவோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே சிங் காலத்தில் பாவ் வகையறா பெண்களுக்கென்று கட்டிய மூதாதையர் மண்டபம் இருக்கிறது. ஆண்களுக்கு மட்டுமே மண்டபம் கட்டிய நாட்டில் இது அபூர்வம். ஆண்கள் மண்டபம் தெற்கு பார்த்தது, இது வடக்கு பார்த்தது.

நேரம் இருந்தால் ஷெ மாவட்டத்தின் பழைய நகரத்துக்குள்ளும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே 1905இல் எழுப்பிய வளைவு ஒன்று இருக்கிறது; ஹுய்சோவின் கடைசி வளைவு என்று சொல்வார்கள். சிங் அரசு கஜானா காலியாகிக் கிடந்த நேரம். தாங்யுவேயின் கல்லும் சிற்பமும் இங்கே இல்லை. சுவரோடு சுவராகச் செங்கல்லில் கட்டிய ஓர் எளிய வாசல், கவனிக்காமல் கடந்துபோய்விடலாம். தனித்தனியாகக் கல் நாட்ட வழியில்லாததால் ஹுய்சோ பகுதியின் கைம்பெண்கள், கற்புக்காக உயிர்விட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றாகக் கட்டியது. கணவன் பெயரும் இதில் கிடையாது, தந்தையின் குடும்பப் பெயரும் கிடையாது. எத்தனை பேர் என்ற தொகை மட்டும் பொறித்திருக்கிறது: 65,078.